பாரில் சிக்கிய வலையை எடுக்கப் போகிறவர்களுக்கு

பேய் வலை என்றால், உரியவர் கைவிட்டுப்போன பிறகும் கடலில் கிடந்தபடியே மீனைப் பிடித்துக் கொன்றுகொண்டிருக்கும் வலை. அது பெரும்பாலும் பாரில், அதாவது கடலடிப் பாறையிலோ பவளத் திட்டிலோ, சிக்கிக் கிடக்கும். நான் முதன்முதலாகக் கடலுக்குள் வெட்டி எடுத்த 'பேய் வலை', பேய் வலையே இல்லை. பாம்பனுக்கு வடக்கே, பாக் விரிகுடாவில், இரண்டு பாகம் (சுமார் பன்னிரண்டு அடி) ஆழத்தில் கடற்புல்லின் மேல் அது நின்றுகொண்டிருந்தது. நானும் நண்பனும் மூச்சுக்குழாய் (ஸ்நார்க்கெல்) மட்டும் மாட்டிக்கொண்டு இறங்கி, ஒரு மணி நேரம் தம் பிடித்துத் தம் பிடித்து மூழ்கி, அதை வெட்டிச் சுருட்டிப் பெருமையோடு கரையில் கொண்டுவந்து போட்டோம். மணலில் உட்கார்ந்து வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்து கண்ணியைப் புரட்டிப் பார்த்தார். "தம்பி, இது நேத்துப் பொழுதுபட நாங்க உட்டுட்டு வந்த நண்டு வலைப்பா" என்றார். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அந்த வலைக்கான காசைக் கொடுத்து முடிக்க எங்கள் இருவருக்கும் மூன்று மாதம் பிடித்தது. அந்த மூன்று மாதமும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தெரிந்துகொண்டதுதான் இந்தக் கட்டுரையில் பாதி. மற்றது, பிறகு முறையாக ஸ்கூபா (காற்று உருளையோடு முக்குளிப்பது) பயின்று, அனுமதியோடு நடந்த வேலைகளில் முதலில் வேடிக்கை பார்த்தும் அப்புறம் கை வைத்தும் கற்றது. எல்லாமே ராமநாதபுரம், தூத்துக்குடி கடலை வைத்துச் சொல்பவை. உங்கள் கரை வேறென்றால் காற்றும் ஆழமும் மாறும், மற்றவை பெரும்பாலும் பொருந்தும்.

எது விட்டுப்போன வலை?

மீனவர் போட்டுவிட்டு, திரும்பி வந்து எடுக்கப்போகும் வலை பெரும்பாலும் நிமிர்ந்து நிற்கும். மேல்கயிற்றில் மிதப்புகள் வரிசையாக இருக்கும், அடிக்கயிற்றின் ஈயக்குண்டுகள் தரையில் படிந்திருக்கும். இரண்டு முனையிலும் கல்லோ நங்கூரமோ கட்டி, அதற்கு நேர்மேலே தெர்மகோல் துண்டோ, பிளாஸ்டிக் கேனோ, கொடி கட்டிய கம்போ மிதக்கும். விட்டுப்போன வலை அப்படி நிற்காது. கந்தலாக, ஒரு பக்கம் பாறையில் சுற்றி, மறுபக்கம் நீரோட்டத்தில் ஆடிக்கொண்டு, கொட்டலசும் (பாறையில் ஒட்டி வளரும் ஓட்டுயிர்) பாசியும் ஏறிக் கனத்துக் கிடக்கும்.

ஆனால் இந்த அடையாளங்களை மட்டும் நம்பிக் கத்தியை எடுக்காதீர்கள். நம் கடல் வெதுவெதுப்பானது, சில நாள் கிடந்த கயிறே பாசி பிடித்து வழுக்கும். மிதவை இல்லை என்பதும் சாட்சி ஆகாது. இரவில் போன படகின் விசிறி மிதவையை அறுத்திருக்கலாம். உரியவர் பாதாளக்கரண்டி மாதிரி ஒரு கொக்கியைத் தரையோடு இழுத்து, அதே வலையை இப்போது தேடிக்கொண்டிருக்கலாம். அதனால் சந்தேகமான வலையைப் படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு கரைக்கு வாருங்கள். பக்கத்து இறங்குதளங்களிலும் மீனவர் வாட்ஸ்அப் குழுக்களிலும் படத்தைக் காட்டிக் கேளுங்கள். மூன்று நான்கு நாள் பொறுத்தால் போதும். கண்ணி அளவையும் கயிற்றின் நிறத்தையும் பார்த்தே எந்த ஊர் வலை என்று சொல்லிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

உரியவர் கிடைத்துவிட்டால் வேலை பாதி முடிந்த மாதிரிதான். வலையைத் தொலைப்பது அவருக்குப் பெரிய நட்டம். நகரத்திலிருந்து வருகிறவர்களில் பலர் மீனவர்கள் வேண்டுமென்றே வலையைக் கடலில் வீசிவிட்டுப் போகிறார்கள் என்ற எண்ணத்தோடு வருகிறார்கள், நானும் அப்படித்தான் வந்தேன். நாட்டுப்படகுக்காரர் விரித்த செவுள் வலையை (மீன் செவுளில் மாட்டிக்கொள்ளும் வலை) இழுவைமடிப் படகு (பை போன்ற மடியைக் கடலுக்குள் இழுத்துப் பிடிக்கும் விசைப்படகு) இரவில் அறுத்துக்கொண்டு போவது இங்கே பழைய வழக்கு. கரையை ஒட்டிய கடல் நாட்டுப்படகுகளுக்கு உரியது என்று 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் சொல்கிறது, வழக்கு இன்னும் ஓயவில்லை. பாரில் மாட்டிக்கொள்ளும் வலைகள் உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது படகோடு போன வலைகள் உண்டு. கிழிந்த மடித் துண்டை வெட்டி அப்படியே கடலில் தள்ளிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் குற்றம் சாட்டிக்கொண்டே போனால் எந்தக் கரையிலும் உங்களுக்கு ஒரு தகவலும் கிடைக்காது.

எந்த வலை என்பது வேலையின் போக்கையே மாற்றும். செவுள் வலைகள் பெரும்பாலும் நைலான், ஊர்ப் பேச்சில் தங்கூசி வலை. நைலான் கடல்நீரைவிடக் கனமானது, அறுந்தால் அமிழும். தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாத அதன் மெல்லிய இழைதான் மீனுக்கும் முக்குளிப்பவருக்கும் பெரிய ஆபத்து. இழுவைமடிகள் பெரும்பாலும் பாலித்தீன் நூலால் ஆனவை. அதற்கு மிதக்கும் குணம் உண்டு, ஆகவே துண்டுகள் வெகுதூரம் மிதந்துபோய் எங்கோ ஒரு பாரில் அடையும். பச்சையும் நீலமுமாகத் தடித்த நூல், பார்த்ததும் தெரியும். மூன்றாவது வகை கூடு. மீன் கூடோ நண்டுக் கூடோ தொலைந்துபோனால் உள்ளே போன மீன் சாகும், செத்த மீனே அடுத்ததுக்கு இரையாகும், இப்படியே ஓடிக்கொண்டிருக்கும். கூட்டைத் தூக்க முடியாத இடமென்றால், அனுமதி இருக்கும்பட்சத்தில், ஒரு பக்கத்தை அகலமாக வெட்டித் திறந்துவிடுவதே பெரிய உதவி.

யாரிடம் கேட்க வேண்டும்

மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டது. தூத்துக்குடியிலிருந்து மண்டபம் வரை 21 தீவுகள், அவற்றைச் சுற்றிய பார்கள், 560 சதுர கிலோமீட்டர். இரண்டு தீவுகள் ஏற்கெனவே கடலுக்குள் போய்விட்டன. இந்த எல்லைக்குள் வனத்துறையின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம், நல்ல எண்ணத்தோடு போனோம் என்பது பதிலாகாது. பவளம், கடல் அட்டை, கடல் குதிரை, கடல் பசு, ஆமை எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. பவளத் துண்டு ஒட்டிய வலையைப் படகில் ஏற்றிக்கொண்டு வந்தால், அந்தத் துண்டுக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஆகவே தனியாக ஒரு குழு தொடங்குவதைவிட, ஏற்கெனவே வனத்துறையோடோ கடல் ஆய்வு நிறுவனத்தோடோ வேலை செய்கிற குழுவில் சேர்வதே நல்லது. பூங்காவுக்கு வெளியே என்றாலும் மீன்வளத்துறைக்கும் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கும் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். வடகடலில் (பாக் விரிகுடாவில்), தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைக்கு எதிரே 448 சதுர கிலோமீட்டர் 2022 செப்டம்பரில் கடல் பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. அங்கே கடற்புல்லைக் கிளறும் எந்த வேலைக்கும் வனத்துறையைக் கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும்.

ஊர்ச் சங்கத்திடம் சொல்வது சட்டத்தில் எழுதியிருக்காது. ஆனால் அதைச் செய்யாமல் இறங்கக் கூடாது. உங்கள் படகு எங்கே நிற்கிறது, என்ன செய்கிறது என்று கரையில் யாருக்கும் தெரியாவிட்டால், வலை திருட வந்தவர்கள் என்று நினைப்பதுதான் இயல்பு. அந்தப் பகுதியில் சங்கு குளித்தவர் யாராவது இருந்தால் விடாதீர்கள். தரை எங்கே மணல், எங்கே பார், எந்த இடத்தில் நீவாடு (நீரோட்டம்) திடீரென இழுக்கும் என்பதை அவர் சொல்வது எந்த வரைபடத்திலும் இருக்காது. அவர் வந்தால் அவருக்கு ஒரு நாள் வருமானத்தைக் கொடுங்கள். படகுக்கும் கொடுங்கள். சேவை என்ற பெயரில் மீனவரின் ஒரு நாளை இலவசமாக வாங்குவது எனக்கு ஒருபோதும் சரியாகப்பட்டதில்லை.

எப்போது போவது

ராமேஸ்வரத்துக்காரர்கள் தென்கடலை (மன்னார் வளைகுடாவை) ஆண் கடல் என்பார்கள், வடகடலைப் பெண் கடல் என்பார்கள். தெற்கிலிருந்து சோழகக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் கொந்தளித்துக் கலங்கிப்போகும், அப்போது வடகடல் குளம் மாதிரி கிடக்கும். வாடை தொடங்கியதும் நிலைமை தலைகீழ். தென்பக்கத் தீவுகளின் பார்களில் வேலை செய்ய எனக்குப் பிடித்தது தை முதல் பங்குனி வரை: மழை ஓய்ந்து, தண்ணீர் தெளிந்து, தென்றலோ சோழகமோ இன்னும் கனக்காத காலம்.

சித்திரையில் தண்ணீர் சூடேறத் தொடங்கும். 2010-இலும் 2016-இலும் மன்னார் வளைகுடாப் பவளங்கள் பெருமளவு வெளுத்தது இந்தக் கோடையில்தான். வெளுத்துக் கிடக்கும் பவளத்தின் மேல் கை வைத்து வலை உரிப்பது, காய்ச்சலில் கிடப்பவனை எழுப்பி ஓடச் சொல்வது மாதிரி. அந்தச் சமயத்தில் கரை வேலையைப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் நிற்கும், எல்லோரும் வலை பொத்துவார்கள். பேச, கேட்க, பழைய வலையைக் கடலுக்குப் போகும் முன்பே வாங்கிவைக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது.

முதல் வருடம் கரையில்

புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது, முதல் பருவம் முழுவதும் தண்ணீருக்குள் கத்தியோடு இறங்க வேண்டாம் என்பதுதான். யாருக்கும் இது பிடிப்பதில்லை. ஆனால் வாடை ஓய்ந்த பிறகு கரையோரம் நடந்து பாருங்கள், கடல் தானே கொண்டுவந்து தள்ளிய வலை அவ்வளவு கிடக்கும். கரையில் கிடக்கும் வலை இன்னொரு பெரிய கடலேற்றத்தில் மறுபடி கடலுக்குள் போய்விடும் என்பதால் அதை எடுப்பதும் இதே வேலைதான். மணலில் புதைந்ததை இழுக்காதீர்கள், இழுத்தால் அறுந்து பாதி உள்ளேயே தங்கும். சுற்றிலும் மணலைக் கையால் விலக்கி எடுங்கள். தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமை முட்டையிடும் காலம். மேட்டு மணலில் மண்வெட்டி போடவே கூடாது.

தண்ணீருக்குள் போகத் தயாரா என்பதற்கு என் அளவுகோல் ஒன்று உண்டு. கையையும் காலையும் அசைக்காமல், தரைக்கு ஒரு முழம் மேலே, ஏறாமல் இறங்காமல், ஐந்து நிமிடம் அப்படியே நிற்க முடிகிறதா? அதே நிலையில் இரண்டு கையாலும் ஒரு முடிச்சை அவிழ்க்க முடிகிறதா? முடியாதவர் பாரில் இறங்கினால், வலை செய்ததைவிட அதிகச் சேதத்தை அவருடைய துடுப்புக்கால் செய்யும். மன்னார் வளைகுடாவின் பார்கள் ஆழம் குறைந்தவை. அலையின் தள்ளாட்டம் அடிவரை எட்டும், அது உங்களைப் பவளத்தின் மேல் தூக்கி வைத்துவிடும்.

ஆழம் இல்லையே, தம் பிடித்தே செய்துவிடலாமே என்று தோன்றும். நானும் அப்படித்தான் தொடங்கினேன், இப்போது வேண்டாம் என்கிறேன். வலை வெட்டும்போது கவனம் முழுக்கக் கையில் இருக்கும், மூச்சு தீர்வது தெரியாது. ஒரு தங்கூசி இழை பொத்தானில் மாட்டினால் போதும். நெஞ்சளவு, கழுத்தளவுத் தண்ணீர் வரை மூச்சுக்குழாய் சரி. அதற்கு மேல் ஸ்கூபா, அல்லது இறங்காமல் இருப்பது.

எடுத்துப்போக வேண்டியவை

வெட்ட இரண்டு கருவி, இரண்டும் வேறு வேறு இடத்தில். ஒன்று நெஞ்சுப் பக்கம், எந்தக் கையாலும் எட்டும்படி. மற்றது இடுப்பிலோ முன்கையிலோ. காலில் கத்தி கட்டுவது படத்தில் அழகாக இருக்கும், வலைக்குள் மாட்டியவருக்குக் கால் எட்டாது. நைலான் இழைக்குக் கத்தியைவிட, முதலுதவிக்காரர்கள் துணி வெட்டப் பயன்படுத்தும் முனை மழுங்கிய கத்தரிக்கோல்தான் எனக்குச் சரிப்படுகிறது. தடித்த கயிற்றுக்கு ரம்பப்பல் கத்தி. உப்பில் எல்லாமே துருப்பிடிக்கும், ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் தொட்டு வையுங்கள்.

வெட்டுப்படாத மெல்லிய கையுறை, உடம்பு முழுக்க மூடிய உடை. வலையில் வளர்ந்திருக்கும் நெருப்புப் பவளமும் பாசி மாதிரித் தோன்றும் சிற்றுயிர்களும் தோலில் பட்டால் இரண்டு நாள் எரியும். தொங்குகிற எல்லாவற்றையும் கட்டுங்கள்: காற்றழுத்தமானியின் குழாய், துடுப்புக்காலின் வார் நுனி, கேமரா கயிறு. மூச்சுக்குழாயைப் படகிலேயே விட்டுவிடுங்கள். வெட்டிய துண்டுகளைப் போட வெங்காய மூட்டைச் சாக்கு அருமையான பை, தண்ணீர் வடிந்துவிடும், காசும் குறைவு. படகில் குடிதண்ணீர், முதலுதவிப் பெட்டி, ஆக்சிஜன், ஒரு பிளாஸ்க் வெந்நீர். வெந்நீர் எதற்கு என்று பிறகு சொல்கிறேன். கடலோரக் காவல் படையின் அவசர எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தினுடையது 1093. படகில் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி ஒட்டுங்கள்.

முதல் இறக்கம் பார்க்க மட்டும்

வலையைப் பார்த்த அன்றே வெட்டாதீர்கள். முதல் இறக்கத்தில் எழுதுபலகையும் கேமராவும் மட்டும் போதும். நீளம், அகலம், ஆழம், இடக்குறிப்பு. கண்ணி அளவு, நூல் ஒற்றை இழையா முறுக்கா. எத்தனை இடத்தில் பவளத்தோடு ஒட்டியிருக்கிறது. உள்ளே உயிரோடும் செத்தும் என்ன இருக்கிறது. வலையின் எந்தப் பக்கம் விறைப்பாக நிற்கிறது, எந்தப் பக்கம் தளர்ந்து ஆடுகிறது. ஆடுகிற பக்கம்தான் முதலில் ஆளைப் பிடிக்கும்.

இந்தப் பார்வையின் முடிவு சில சமயம் 'எடுக்க வேண்டாம்' என்பதாக இருக்கும். பல வருடம் கிடந்த வலையின் மேல் பவளம் ஏறி மூடியிருக்கும். பந்து மாதிரி வளரும் பவளம் வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளர்கிறது. உள்ளங்கை அளவு உடைந்தாலும் அது எத்தனை வருட வளர்ச்சி என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். புதைந்த பகுதியை விட்டுவிட்டு, வெளியே ஆடுகிற பகுதியை ஒட்ட வெட்டி எடுத்தால் போதும். அங்கே இனி மீன் மாட்டாது. முழுதாக எடுத்தோம் என்று படம் போட முடியாது, அவ்வளவுதான்.

வெட்டும் நாள்

இரண்டு பேர் ஒரு ஜோடி. ஒருவர் வெட்டுவார், மற்றவர் வெட்டாமல் அவரை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு பேரும் வெட்டத் தொடங்கினால் யாரும் யாரையும் பார்க்கவில்லை என்று அர்த்தம். நீரோட்டம் உங்கள் முதுகிலிருந்து வலையை நோக்கிப் போகும்படி நின்றுகொள்ளுங்கள், அறுந்த துண்டு உங்களை விட்டு விலகிப் போகும். வலைக்கு அடியில், வலைக்கும் பாறைக்கும் நடுவில், தொங்கும் மடிக்குள் என்று எங்கேயும் நுழையாதீர்கள், சாவி விழுந்தாலும் சரி, கேமரா விழுந்தாலும் சரி.

ஒரு முனையில் தொடங்கி, பவளத்தில் சுற்றிய ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியாக வெட்டி, விடுபட்டதைப் பாய் சுருட்டுவது போலச் சுருட்டிக்கொண்டே போக வேண்டும். வலையை இழுக்கவே கூடாது. இழுத்தால் கிளை கிளையாக வளர்ந்த பவளம் சுள்ளி போல முறியும். ஒரு கை நீள வலையை உரிக்க இருபது நிமிடம் ஆன நாட்களும் உண்டு, அது மெதுவாகத்தான் போகும். சுருட்டியதைச் சிறு கயிற்றால் அங்கங்கே கட்டுங்கள். காற்று குறைந்து பாதியில் விட்டு வர வேண்டியிருந்தால், விடுவித்த பாதியைக் கட்டாமல் வராதீர்கள். பாறையோடு ஒட்டிக்கிடந்த வலையைவிட, பாதி உரிந்து விரிந்து ஆடும் வலை அதிகம் கொல்லும். நானே ஒருமுறை அப்படி விட்டு வந்து, மறுநாள் போய்ப் பார்த்தபோது அதில் புதிதாக இரண்டு ஓரா மீன் மாட்டிச் செத்துக் கிடந்தன.

மாட்டிக்கொண்டால் திரும்பிப் பார்க்கச் சுழலாதீர்கள். சுழன்றால் வலை இன்னும் ஒரு சுற்று சுற்றும். அசையாமல் நில்லுங்கள், துணைக்குக் கை காட்டுங்கள், மூச்சை நிதானமாக விடுங்கள், அவர் வந்து வெட்டட்டும். உருளையின் காற்றழுத்தம் 200 பார் (bar என்ற அழுத்த அலகு) இருக்கும்போது தொடங்கினால், 100 வந்ததும் வேலையை நிறுத்தித் திரும்பத் தொடங்குங்கள். இந்த வேலையில் மூச்சு வேகமாகத் தீரும்.

தூக்குவது

நாலைந்து கிலோ வரை சாக்கில் போட்டுக் கையில் கொண்டுபோகலாம். அதற்கு மேல் உங்கள் மிதவைச் சட்டையில் காற்றேற்றித் தூக்க நினைக்காதீர்கள். சாக்கு கைநழுவினால் நீங்கள் பந்து போல மேலே போவீர்கள், நுரையீரலுக்கு அது ஆகாது. கனமானதற்குத் தூக்குப்பை, அதாவது சுமையைக் கட்டிக் காற்றடைத்து மேலே அனுப்பும் பை. ஒரு லிட்டர் காற்று ஏறக்குறைய ஒரு கிலோவைத் தூக்கும். பத்து மீட்டர் ஆழத்தில் அடைத்த காற்று மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும், ஆகவே அடியில் மெல்லக் கிளம்பும் பை மேலே வர வர வேகமெடுக்கும். முழுக்க நிரப்பாமல், கிளம்பும் அளவுக்கு மட்டும் காற்று விடுங்கள். ஒரு பெரிய பையைவிட மூன்று நான்கு சிறிய பைகள் நல்லது. பை கிளம்பும்போது அதன் கயிறு எதுவும் உங்கள் மேல் இருக்கக் கூடாது, அதற்கு நேர்மேலே ஆளோ படகோ நிற்கக் கூடாது. புதியவர்கள் இதை வகுப்பில் கற்காமல், படித்துவிட்டு மட்டும் செய்ய வேண்டாம்.

ஆழம் குறைந்த இடத்தில் இதைவிட எளிய வழி, படகிலிருந்து கயிறு விட்டுச் சுருளைக் கட்டி, மேலிருப்பவர்கள் கையால் இழுப்பது. விசைப்பொறியில் சுற்றி இழுக்காதீர்கள். எங்காவது ஒரு கண்ணி பாரில் மிச்சமிருந்தால், கைக்குத் தெரியும், இயந்திரத்துக்குத் தெரியாது.

உயிர் இருந்தால்

மீனும் நண்டும் உயிரோடு இருந்தால் கண்ணியை வெட்டி விடுங்கள், மீனை இழுத்து உருவாதீர்கள், செவுள் கிழியும். கெளுத்தி, திருக்கை, கல்மீன் முள்ளில் கவனம். குத்திவிட்டால் பிளாஸ்க் வெந்நீரைப் பச்சைத் தண்ணீரோடு கலந்து, பொறுக்கும் சூட்டுக்கு, சுமார் 45 டிகிரிக்குக் கொண்டுவந்து, குத்துப்பட்ட இடத்தை அரைமணி முதல் ஒன்றரை மணி வரை அதில் வைத்திருங்கள். வலி குறையும். குறைந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும், முள் உள்ளே முறிந்திருக்கலாம். சூட்டைக் குத்துப்படாத கையால் சோதியுங்கள், வலியில் இருக்கும் கைக்குச் சூடு தெரியாது.

ஆமை வேறு கதை. அது மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும், எனவே முதலில் அதன் தலை தண்ணீருக்கு வெளியே வரட்டும், வலையை அப்புறம் வெட்டலாம். துடுப்பைப் பிடித்துத் தூக்காதீர்கள், ஓட்டை இரு பக்கமும் பிடியுங்கள். அசையாமல் கிடந்தால் செத்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். மூழ்கி மயங்கிய ஆமை பல மணி நேரம் கழித்தும் எழும். வயிறு கீழே இருக்க, பின்பக்கத்தை ஒரு சாண் உயர்த்தி, நிழலில், ஈரத்துணி போர்த்தி வையுங்கள், மூக்கை மூடாமல். துடுப்புக்குள் புதைந்துபோன இழையைப் படகில் வைத்துப் பிடுங்காதீர்கள், சுற்றியுள்ள வலையை மட்டும் வெட்டிவிட்டு வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

கரைக்கு வந்த வலை

இங்கேதான் பல குழுக்கள் சோர்ந்துபோகின்றன. படம் எடுத்தாயிற்று, நாற்றமடிக்கும் குவியல் கரையில் கிடக்கிறது, எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஆகவே வலை போகும் இடத்தை முடிவுசெய்யாமல் கடலுக்குப் போகவே கூடாது.

முதலில் வனக்காப்பாளர் முன்னிலையில் குவியலைப் பிரித்து, ஒட்டிய பவளத் துண்டு, சங்கு, கடல் அட்டை எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு கடலுக்கே திருப்பி அனுப்புங்கள். அப்புறம் எடை போடுங்கள். ஈரத்தோடு ஒரு முறை, நன்றாக வடிந்த பிறகு ஒரு முறை. ஈர எடையை மட்டும் சொல்லிப் பெருமைப்படுவது கடல்நீரையும் சேற்றையும் சேர்த்துச் சொல்வது.

நைலானையும் பாலித்தீனையும் தனித்தனியே பிரிக்க வேண்டும். குழப்பமாக இருந்தால் ஒரு சிறு துண்டை வாளித் தண்ணீரில் போட்டு, குமிழி போகக் கசக்கி விடுங்கள்: நைலான் அமிழும், பாலித்தீன் மிதக்கும். சுத்தமான நைலானை உருக்கியோ, மூலப்பொருளாகவே பிரித்தோ புது நூலாக்கும் ஆலைகள் உண்டு. மண்ணும் கொட்டலசும் கலந்த குவியலை யாரும் தொடமாட்டார்கள். கேரளத்தில் 2017-இல் கொல்லம் நீண்டகரையில் தொடங்கிய சுசித்வ சாகரம் திட்டத்தில், மீனவர்கள் வலையில் வரும் பிளாஸ்டிக்கைக் கரைக்குக் கொண்டுவர, அதைப் பொடித்துச் சாலை போடப் பயன்படுத்தினார்கள். நல்ல வழி. நம் பக்கத்தில் பெரிய துண்டுகள் தோட்டத்து வேலியாகவும் கோழிக்கூட்டின் மேல் மூடியாகவும் போய்ச் சேர்வதை நான் பார்த்திருக்கிறேன், அதுவும் பரவாயில்லை, காற்றில் பறந்து கடலுக்குத் திரும்பாமல் கட்டினால் போதும். கரையில் வைத்துக் கொளுத்துவது மட்டும் கூடாது. எரியும் நைலானின் புகையில் சயனைடு வாயு உண்டு.

ஈயக்குண்டுகளைக் கையுறையோடு தனியே கழற்றிக் குழந்தைகள் கைக்குப் போகாமல் வையுங்கள். மிதப்புகளைக் கழற்றிக்கொள்ளலாமா என்று யாராவது கேட்பார்கள். எண்ணி, நோட்டில் எழுதிக்கொண்டு, கொடுத்துவிடுங்கள்.